பேனல் டேட்டாவில் முதல் ஆய்வு: தரவு தேடுவதிலிருந்து அட்டவணை போடுவது வரை

ஒரே குடும்பத்தை, அல்லது ஒரே ஆளை, சில வருட இடைவெளியில் மறுபடியும் தேடிப் போய்க் கேட்டு எடுத்த தரவுக்குப் பேர் பேனல் டேட்டா. பாடப்புத்தகம் இதைச் சமன்பாட்டில் ஆரம்பித்து ஹவுஸ்மன் டெஸ்டில் (எந்த மாடல் பொருந்தும் என்று பார்க்கும் ஒரு சோதனை) முடித்துவிடும். நிஜ வேலையில் ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் கணக்கு) என்பது கடைசியில் வரும் ஒரு வரி. அதற்கு முன்னால் 2005-ல் பார்த்த குடும்பமும் 2012-ல் பார்த்த குடும்பமும் ஒன்றுதானா, எது பிரிந்துபோனது, எது ஊரை விட்டே போனது, அன்றைய ரூபாயை இன்றைய ரூபாயோடு எப்படி வைத்துப் பார்ப்பது என்று சரிபார்ப்பதிலேயே மாதக்கணக்கில் ஓடிவிடும். யாரிடம் கேட்டாலும் "மேனுவலைப் படி" என்பார்கள். மேனுவல் நூற்றுக்கணக்கான பக்கம், நமக்கு வேண்டியது அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதி வைக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு செமஸ்டராவது மிச்சமாகட்டும்.

பொதுப்படையாகப் பேசினால் ஒன்றும் ஒட்டாது. அதனால் ஒரே தரவு, ஒரே கேள்வி. தரவு: இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பு, ஆய்வு செய்கிறவர்கள் வாயில் ஐ.எச்.டி.எஸ். கேள்வி: நூறு நாள் வேலைக்குப் போன குடும்பங்களின் மாதச் செலவு அதனால் கூடியதா? உங்கள் தலைப்பு வேறாக இருக்கலாம், படிகள் பெரும்பாலும் இவைதான்.

1. தரவைத் தொடுவதற்கு முன் கேள்வியைச் சோதியுங்கள்

பேனலின் முழு லாபமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: ஒரு குடும்பத்தை அதே குடும்பத்தோடு ஒப்பிடலாம். கற்பனையாக இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீடு நூறு நாள் வேலைக்குப் போனது, மாதச் செலவு 2005-ல் 4,000 ரூபாய், 2012-ல் 6,000. இரண்டாவது வீடு போகவில்லை, 2005-ல் 7,000, 2012-ல் 8,000. (விலைவாசி உயர்வைக் கழித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.) 2012-ஐ மட்டும் பார்த்தால் வேலைக்குப் போன வீடு 2,000 ரூபாய் கீழே நிற்கிறது, திட்டமே ஆளை ஏழையாக்குகிறது என்று எழுதிவிடலாம்! உண்மையில் ஏழை வீடு என்பதால்தான் அது வேலைக்கே போனது. மாற்றத்தைப் பாருங்கள்: முதல் வீட்டில் 2,000 கூடியிருக்கிறது, இரண்டாவதில் 1,000. வித்தியாசம் 1,000. ஃபிக்ஸட் எஃபெக்ட் என்ற முறை செய்வது இந்தக் கழித்தலைத்தான், பல ஆயிரம் வீடுகளுக்கு ஒரே நேரத்தில்.

இந்தக் கழித்தலில் மாறாத எல்லாமே போய்விடும். சாதி, மதம், பிறந்த ஊர், அப்பா படித்த படிப்பு, குடும்பத்தலைவரின் சுறுசுறுப்பு, எல்லாம். போகட்டும் என்றுதான் போடுகிறோம். ஆனால் உங்கள் ஆய்வுக் கேள்வியே சாதியைப் பற்றியது என்றால், ஃபிக்ஸட் எஃபெக்ட் போட்ட கணமே கேள்வி மாடலை விட்டு வெளியேறிவிடும். மென்பொருள் பெரும்பாலும் திட்டாது, அந்த வரியை மட்டும் விட்டுவிடும். ஆய்வுத் திட்டத்தைச் சமர்ப்பித்த பிறகு இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் நிறைய.

ஆகவே முதல் வேலை: உங்கள் முக்கிய மாறி எத்தனை குடும்பங்களில் இரண்டு சுற்றுக்கும் (2005, 2012 கணக்கெடுப்புகளுக்கும்) நடுவே மாறியது என்று எண்ணுங்கள். நூற்றுக்கு மூன்று வீட்டில்தான் மாறியிருக்கிறது என்றால், உங்கள் முடிவு அந்த மூன்று வீடுகளைப் பற்றிய முடிவு. மாதிரி எவ்வளவு பெரிசாக இருந்தாலும் அப்படித்தான்.

2. எது பேனல், எது பேனல் மாதிரி தெரிவது

பல ஆண்டுகளுக்கு எடுக்கப்பட்டது என்பதாலேயே ஒரு கணக்கெடுப்பு பேனல் ஆகிவிடாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு சுற்றிலும் புதுப் புதுக் குடும்பங்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் நுகர்வுச் செலவுச் சுற்றுகளும் அப்படியே. இவற்றை வைத்து மாவட்ட அளவில் சராசரி எடுத்து மாவட்டப் பேனல் கட்டலாம், தப்பில்லை. ஆனால் மாவட்ட எல்லை ஓடிக்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, 2009-ல் கோவை, ஈரோடு பகுதிகளிலிருந்து திருப்பூர், 2019-ல் ஒரே வருடத்தில் ஐந்து புது மாவட்டங்கள், 2020-ல் மயிலாடுதுறை. எல்லா ஆண்டுகளையும் பழைய எல்லைக்குள் திருப்பி மடக்கிய பிறகுதான் கணக்குப் போட வேண்டும், அதற்கே ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

உண்மையான பேனல்களில் கைக்கு எட்டுகிறவை:

ஐ.எச்.டி.எஸ். தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து எடுத்தது. 2004–05-ல் 41,554 குடும்பங்கள், 2011–12-ல் 42,152. வருமானம், செலவு, கடன், படிப்பு, உடல்நலம், கல்யாணம், யாருக்கு யாரைத் தெரியும் என்பது வரை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இலவசம். முதல் ஆய்வுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சி.எம்.ஐ.இ. என்ற தனியார் தரவு நிறுவனத்தின் நுகர்வோர் பிரமிடு கணக்கெடுப்பு. 2014 முதல் நடக்கிறது, நாலு மாதத்துக்கு ஒரு முறை அதே வீட்டுக்குப் போகிறார்கள். நிறையச் சுற்று வேண்டும் என்றால் இதுதான். ஆனால் சந்தா கட்ட வேண்டும், உங்கள் நூலகம் கட்டியிருந்தால் மட்டும் திட்டத்தில் எழுதுங்கள். இதில் ஏழைகள் குறைவாகப் பதிவாகிறார்கள் என்று ஆய்வாளர்கள் ஜான் த்ரேஸும் அன்மோல் சோமாஞ்சியும் 2021-ல் எழுப்பிய விவாதத்தைப் படிக்காமல் வறுமை பற்றி இதை வைத்து எழுத வேண்டாம். வைவாவில் (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, அதாவது பி.எல்.எஃப்.எஸ். 2017 ஜூலையில் ஆரம்பித்தது. நகரக் குடும்பங்களை மட்டும் நாலு முறை பார்த்தார்கள், கிராமத்தில் ஒரே முறைதான். 2025 ஜனவரியில் முறை மாறி, கிராமத்துக்கும் மறுவருகை வந்தது. இதைக் கவனிக்காமல் பழைய கோப்புகளில் கிராமப் பேனல் தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சின்னதாக, ஆழமாக வேண்டும் என்றால் இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம் 1975-ல் ஆரம்பித்த கிராம ஆய்வுகள், குழந்தைகளைப் பற்றி என்றால் ஆந்திரா–தெலங்கானாவில் 2002 முதல் நடந்த யங் லைவ்ஸ் என்ற ஆய்வு. தமிழ்நாட்டுக் கேள்விக்கு இவை இரண்டும் உதவாது.

3. கணக்கு, ஆவணம், செலவு

ஐ.எச்.டி.எஸ். கோப்புகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஐ.சி.பி.எஸ்.ஆர். என்ற தரவுக் காப்பகத்தில் இருக்கின்றன. மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள், பயன்பாட்டு விதிகளுக்குச் சம்மதம் கொடுங்கள், அவ்வளவுதான். பணம் கிடையாது. முதல் சுற்றின் ஆய்வு எண் 22626, இரண்டாவது சுற்று 36151. இரண்டையும் ஏற்கெனவே சேர்த்து வைத்த பேனல் கோப்பு ஒன்றும் உண்டு, எண் 37382. "சேர்த்ததே இருக்கும்போது நாம் ஏன் சேர்க்க வேண்டும்" என்று தோன்றும். ஒரு முறையாவது நீங்களே சேர்த்துப் பாருங்கள், அப்புறம் அந்தக் கோப்போடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் தரவு உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

தரவுக் கோப்பைத் திறப்பதற்கு முன் கேள்விப் படிவத்தை அச்சடித்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்களுக்கு வேண்டிய கேள்வி அதே சொற்களில் கேட்கப்பட்டிருக்கிறதா, "கடந்த 30 நாளில்" என்றா "கடந்த 12 மாதத்தில்" என்றா, விடைக் குறியீடு அதேதானா என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பேர் கொண்ட மாறி இரண்டு சுற்றிலும் ஒரே பொருளைத்தான் குறிக்கும் என்று நம்பக் கூடாது.

அப்புறம் அலுவலக ஆவணம். ஏற்கெனவே வெளியான, பேர் நீக்கிய தரவுதான் என்றாலும், பல பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவிடமிருந்து விலக்குக் கடிதம் கேட்பார்கள். குழு அடிக்கடி கூடாது. எங்கள் பக்கத்தில் ஒரு தோழியின் கடிதம் ஒரு கையெழுத்துக்காக ஒரு பருவம் முழுக்க மேசையில் கிடந்தது. தரவு இறங்கும் நாளே விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள், கூடவே தரவின் பயன்பாட்டு விதிப் பக்கத்தை அச்சடித்து இணைத்தால் பாதிக் கேள்விகள் வராது.

மென்பொருள்: ஸ்டேட்டாவுக்கு உரிமம் வாங்க வேண்டும், மாணவர் விலை உண்டு, ஆனாலும் நம் கைக்கு அது பெரிய தொகைதான். துறையின் கணினியில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஆர் (R) என்ற மென்பொருள் போதும், முற்றிலும் இலவசம், ஃபிக்செஸ்ட், பிஎல்எம் என்ற இரண்டு தொகுப்புகளும் நமக்கு வேண்டியதைச் செய்துவிடும். பைத்தானில் லீனியர்மாடல்ஸ் உண்டு. திருட்டுப் பிரதியை ஏற்றி ஆய்வேட்டில் "ஸ்டேட்டா பயன்படுத்தப்பட்டது" என்று எழுதுவது வேண்டாத தலைவலி. ஐ.எச்.டி.எஸ்.-க்கு 8 ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

4. குடும்பத்தை ஒட்டுவது

இங்கேதான் நிதானம் வேண்டும்.  மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), மாவட்டம், மாதிரிப் பகுதி, குடும்பம், பிரிவு என்று பல எண்களைச் சேர்த்தால்தான் ஒரு குடும்பம். இதில் இரண்டு பொறிகள்.

ஒன்று, எண்களை அப்படியே ஒட்டுவது. மாவட்டம் 1, பகுதி 12 என்பதை ஒட்டினால் 112. மாவட்டம் 11, பகுதி 2 என்பதை ஒட்டினாலும் 112. வேறு வேறு மாவட்டத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள் ஒன்றாகிவிட்டன! முன்னால் சுழியம் போட்டு, 01-12, 11-02 என்று ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒட்டுங்கள்.

இரண்டு, அந்த நீள எண்ணை ஸ்டேட்டாவில் ஃப்ளோட் என்ற, குறைந்த இடமே பிடிக்கும் சேமிப்பு வகையில் வைப்பது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது ஃப்ளோட்டில்தான் வைக்கும். 1,67,77,216-க்கு மேல் போன முழு எண்களை ஃப்ளோட் சரியாக வைத்திருக்காது, பக்கத்து எண்ணுக்குத் தள்ளிவிடும். அடுத்தடுத்த வீடுகள் ஒரே எண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதைவிட அதிக இடம் தரும் டபுள் வகையில் வையுங்கள், அல்லது எழுத்துச் சரமாகவே வைத்துவிடுங்கள். எண்ணை உருவாக்கியதும் ஒவ்வொரு கோப்பிலும் அது ஒரு முறைதான் வருகிறதா என்று சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

இனி பிரிந்த குடும்பங்கள். கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். 2005-ல் ஒரே உலையாக இருந்த வீட்டில் மகனுக்குக் கல்யாணமாகித் தனிச் சமையல் வைத்துவிட்டால், 2012-ல் அது இரண்டு குடும்பம். அதே ஊரில் இருந்தால் இரண்டையும் தேடிப் போய்க் கேட்டிருக்கிறார்கள். ஆகவே முதல் சுற்றின் ஒரு வரிக்கு இரண்டாவது சுற்றில் இரண்டு, மூன்று வரிகள் வரும். ஒன்றுக்கு-ஒன்று என்று மெர்ஜ் (இரண்டு கோப்புகளை ஒட்டும்) கட்டளை கொடுத்தால் அது நின்றுவிடும், நிற்பதுதான் நல்லது. அந்த எரிச்சலில் பலர்-க்கு-பலர் என்று மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்டேட்டா எதையோ எதனோடோ ஒட்டி, எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிடும். அந்த வகை மெர்ஜுக்குப் பேனல் வேலையில் ஒரு உபயோகமும் நான் பார்த்ததில்லை. வேண்டியது ஒன்றுக்கு-பல.

ஒட்டிய பிறகு என்ன செய்வது என்பது உங்கள் தீர்ப்பு. பிரிந்த வீடுகளைத் திரும்பக் கூட்டி ஒரே குடும்பமாக்கலாம், பெற்றோர் தங்கிய வீட்டை மட்டும் தொடரலாம், அல்லது ஒவ்வொரு பிரிவையும் பழைய வீட்டோடு இணைத்துத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடலாம். செலவு பற்றிய கேள்விக்கு நான் கடைசியானதைத்தான் எடுப்பேன். நிலம் பற்றிய கேள்வி என்றால் கூட்டுவது நல்லது, ஏனென்றால் பாகம் பிரிந்ததை நிலம் இழந்ததாக எழுதிவிடுவோம். எதை எடுத்தாலும் மற்றொன்றையும் ஓட்டிப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று பின்னிணைப்பில் சொல்லுங்கள்.

5. ஆளை ஒட்டுவது

உங்கள் கேள்வி ஆட்களைப் பற்றியது என்றால் (படிப்பு, வேலை, உயரம்) குடும்பத்தோடு நிறுத்த முடியாது. பொதுக் கோப்பில் பேர் இருக்காது, எண்தான் இருக்கும். எண் சரியாக இணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி: பாலினம் மாறியிருக்கக் கூடாது, வயது ஏறத்தாழ ஏழு கூடியிருக்க வேண்டும். சரியாக ஏழு என்று கேட்டால் பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள். நம் ஊரில் வயது கேட்டால் 35, 40, 50 என்று முழு எண்ணாகத்தான் சொல்வார்கள், அதுவும் பல நேரம் பக்கத்தில் இருக்கும் மருமகள் சொல்லும் வயது. நாலிலிருந்து பத்து வரை விட்டுக்கொடுக்கலாம். குழந்தைகளுக்கு இன்னும் இறுக்கமாக வையுங்கள்.

கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் இந்தப் பேனலில் தொடரப்படவில்லை. இளம்பெண்களைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் இது சின்ன விஷயம் இல்லை. 2005-ல் 14 வயதுப் பெண் 2012-ல் அதே வீட்டில் இருக்கிறாள் என்றால், அவள் இன்னும் கல்யாணம் ஆகாதவளாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட பெண்களை மட்டும் வைத்துப் பள்ளிப் படிப்பு கூடியிருக்கிறது என்று சொன்னால், சொன்னது பாதி.

6. திரும்பக் கிடைக்காத குடும்பங்கள்

முதல் சுற்றுக் குடும்பங்களில் 83 விழுக்காட்டை இரண்டாவது முறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏழு வருட இடைவெளிக்கு இது நல்ல விகிதம். ஆனால் மீதி 17 விழுக்காடு குருட்டாம்போக்கில் விழவில்லை. நகரத்து வாடகை வீட்டுக்காரர்கள் அதிகம் காணாமல் போயிருக்கிறார்கள், கிராமத்தில் நிலம் உள்ளவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். இரண்டாவது சுற்றில் 2,134 புதுக் குடும்பங்களைச் சேர்த்ததால்தான் மொத்தம் குறையாத மாதிரி தெரிகிறது. அந்தப் புதியவை உங்கள் பேனலில் வராது.

செய்ய வேண்டியது: 2005 கோப்பை மட்டும் எடுத்து, "2012-ல் கிடைத்தது / கிடைக்கவில்லை" என்பதை இடப்பக்கம் வைத்து, 2005-ன் வருமானம், நிலம், நகரம், சாதி, குடும்ப அளவு எல்லாவற்றையும் வலப்பக்கம் வைத்து ஒரு புரோபிட் (ஆம், இல்லை என்ற விடைக்கான ரிக்ரெஷன்) ஓட்டுங்கள். அந்த அட்டவணையை மறைக்காமல் போடுங்கள். வித்தியாசம் பெரிசாக இருந்தால், கிடைக்கும் வாய்ப்பின் தலைகீழை எடையாகக் கொடுத்து மறுபடி ஓட்டலாம். மாதிரி எடைக்கு (ஒரு குடும்பம் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்ற எண்) 2005 எடையை இரண்டு சுற்றுக்கும் வையுங்கள். ஸ்டேட்டாவின் எக்ஸ்டிரெக் (xtreg) என்ற பேனல் ரிக்ரெஷன் கட்டளை ஒரு குடும்பத்துக்குள் எடை மாறினால் ஃபிக்ஸட் எஃபெக்டுக்கு ஒப்புக்கொள்ளவே செய்யாது.

7. ரூபாயை ஒரே ஆண்டுக்குக் கொண்டுவருதல்

2005-க்கும் 2012-க்கும் நடுவே விலைவாசி ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகியிருக்கிறது. கிராமத்துக்கு விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீடு, நகரத்துக்குத் தொழிற்சாலைத் தொழிலாளர் குறியீடு, மாநில வாரியாக. கோப்பிலேயே இதற்கென்று ஒரு மாறி தந்திருக்கிறார்கள், அதையே பயன்படுத்திவிடுங்கள், சொந்தமாகக் கட்டினால் அதற்கு ஒரு பக்க விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

வருமானத்தைவிடச் செலவு நம்பகமானது என்பது என் கருத்து. பயிர் போன வருடம் விவசாய வருமானம் கழித்தல் குறியோடு நிற்கும். அதை அப்படியே லாக் (மடக்கை) எடுத்தால், கழித்தல் எண்ணுக்கு லாக் கிடையாது என்பதால், அந்த வீடுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும், அதுவும் மிகவும் அடிபட்ட வீடுகள்தான் போகும். லாக் எடுப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கையைப் பாருங்கள். இன்னொரு விஷயம், கழித்தல் செய்யும்போது உண்மையான மாற்றம் சுருங்கிவிடும், கேட்டு எழுதியதில் இருக்கும் தவறு சுருங்காது. அதனால் தவறாக அளந்த மாறியின் கெழு (விளைவு எவ்வளவு என்று ரிக்ரெஷன் தரும் எண்) ஃபிக்ஸட் எஃபெக்டில் சுழியத்தை நோக்கி இன்னும் அதிகமாக இழுபடும். "கெழு சின்னதாகிவிட்டது, ஆகவே விளைவு இல்லை" என்று எழுதும் முன் இதை யோசியுங்கள்.

8. மாடல்

கோப்பை நீள வடிவத்துக்கு மாற்றுங்கள்: ஒரு குடும்பம், ஒரு ஆண்டு, ஒரு வரி. குடும்ப எண்ணையும் ஆண்டையும் அறிவியுங்கள். முதலில் பூல்டு ஓ.எல்.எஸ். (எல்லா வரிகளையும் ஒன்றாகப் போட்ட சாதாரண ரிக்ரெஷன்), அப்புறம் குடும்ப ஃபிக்ஸட் எஃபெக்ட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், கெழு எவ்வளவு நகர்ந்தது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஆண்டு டம்மியை (எந்தச் சுற்று என்று 0, 1-ஆகக் காட்டும் மாறியை) மறக்கவே கூடாது. நம் எடுத்துக்காட்டில் அது இல்லாவிட்டால், ஊருக்கே கூடிய 1,000 ரூபாயும் நூறு நாள் வேலைக் கணக்கில் ஏறி, பதில் 2,000 என்று வந்துவிடும். இரண்டே சுற்று என்றால் ஃபிக்ஸட் எஃபெக்டும் முதல் வித்தியாசமும் (2012-லிருந்து 2005-ஐக் கழித்துவிட்டு ஓட்டுவது) ஒரே பதிலைத்தான் தரும். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள், பதில் வேறாக வந்தால் நீங்கள் ஒட்டியதில் எங்கோ ஓட்டை.

ரேண்டம் எஃபெக்டா (குடும்பங்களின் மாறாத குணங்களுக்கும் மற்ற மாறிகளுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொள்ளும் மாடல்), ஃபிக்ஸட் எஃபெக்டா என்று ஹவுஸ்மன் டெஸ்ட் போட்டு ஒரு நட்சத்திரத்தை (முடிவு தற்செயல் இல்லை என்று அட்டவணையில் போடும் குறியை) வைத்து முடிவெடுப்பது ஒரு சடங்காகிவிட்டது. கிளஸ்டர் செய்த (ஒரே பகுதியில் இருப்பவர்களை ஒரு கூட்டமாக எடுத்துக் கணக்கிட்ட) ஸ்டாண்டர்ட் எரரோடு, அதாவது கெழுவின் பிழை அளவோடு, பழைய ஹவுஸ்மன் டெஸ்ட் பொருந்தவும் பொருந்தாது. அதற்குப் பதில் முண்ட்லாக் வழி: ரேண்டம் எஃபெக்ட் மாடலில் ஒவ்வொரு மாறியின் குடும்பச் சராசரியையும் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். மாறும் மாறிகளுக்கு ஃபிக்ஸட் எஃபெக்ட் கெழுவே கிடைக்கும், சாதி மாதிரி மாறாதவையும் அட்டவணையில் தங்கும். சராசரிகளின் கெழுக்கள் சேர்ந்து சுழியமா என்று சோதித்தால் ஹவுஸ்மன் கேட்ட கேள்விக்கும் பதில்.

இப்போது நம் கேள்வியின் பலவீனம். ஃபிக்ஸட் எஃபெக்ட் மாறாததைத்தான் நீக்கும். ஒரு வீடு நூறு நாள் வேலைக்குப் போனதற்குக் காரணம் அந்த வருடம் மழை பொய்த்தது, திருப்பூருக்குப் போன மகனுக்கு வேலை போய்விட்டது என்றால், அது நடுவில் வந்த காரணம். அது நீங்காது. சரி, திட்டம் கட்டம் கட்டமாக வந்ததே, அதைப் பயன்படுத்தலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். 2006 பிப்ரவரியில் நாட்டில் 200 மாவட்டங்கள், தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு. 2007-ல் மேலும் 130, 2008 ஏப்ரலில் மீதி எல்லாம். ஐ.எச்.டி.எஸ்.-ன் இரண்டாவது சுற்று வரும்போது எல்லா மாவட்டத்திலும் திட்டம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. திட்டம் இல்லாத மாவட்டமே மிச்சமில்லை, எத்தனை வருடம் அனுபவம் என்ற வித்தியாசம்தான் மிச்சம். அதோடு, முதலில் வந்த மாவட்டங்கள் பின்தங்கியவை என்பதால்தான் முதலில் வந்தன. கட்டத்தை வைத்து எழுதப்போகிறவர்கள் 2006-க்கும் 2008-க்கும் நடுவே எடுத்த தரவைத் தேட வேண்டும்.

அப்படிக் கட்டம் கட்டமாக வந்த திட்டத்துக்குக் குடும்ப டம்மி, ஆண்டு டம்மி இரண்டையும் போட்டு ஒரே கெழுவை எடுப்பது இப்போது கேள்விக்குள்ளாகிவிட்டது. முன்பே திட்டம் பெற்ற மாவட்டங்களையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டு கணக்கு தலைகீழாகப் போகலாம். காலவே, சாந்தான்னா என்ற இரு ஆய்வாளர்களும் 2021-ல் கொடுத்த முறையை ஆரிலும் ஸ்டேட்டாவிலும் ஓட்டலாம். மதிப்பீட்டாளர்கள் இதைக் கேட்கிறார்கள்.

போன சுற்றின் செலவை இந்தச் சுற்றின் செலவுக்குக் காரணமாக வலப்பக்கம் வைக்கும் ஆசை வந்தால், இரண்டு சுற்றில் ஃபிக்ஸட் எஃபெக்டோடு அது நடக்காது. அதற்கென்றே உள்ள அரெல்லானோ–பாண்ட் முறைக்குக் குறைந்தது மூன்று சுற்று வேண்டும். நாடுகளை வைத்து ஐம்பது வருடப் பேனல் செய்கிறவர்களின் உலகம் தனி, அவர்கள் யூனிட் ரூட் (நீண்ட காலத் தொடர் ஒரு நிலைக்குத் திரும்பாமல் அலைகிறதா என்பது) எல்லாம் பார்க்க வேண்டும், அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு இரண்டு சுற்றுக் குடும்பப் பேனலுக்கு யூனிட் ரூட் டெஸ்ட் போட வேண்டாம்.

9. ஸ்டாண்டர்ட் எரர்

மென்பொருள் தானாகத் தருவதை அப்படியே எடுத்தால் நட்சத்திரங்கள் தாராளமாக விழும். திட்டமோ கொள்கையோ எந்த மட்டத்தில் போய்ச் சேர்ந்ததோ அந்த மட்டத்தில் கிளஸ்டர் செய்யுங்கள். மாவட்ட வாரியாக வந்தது என்றால் மாவட்டத்தில், குடும்பமே தீர்மானித்தது என்றால் குறைந்தபட்சம் மாதிரிப் பகுதியில். தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால் ஒரு சிக்கல்: ஐ.எச்.டி.எஸ். பின்பற்றும் 2001 மாவட்டப் பட்டியலில் நமக்கு மொத்தமே 30 மாவட்டம், மாதிரியில் எல்லாமும் வருவதில்லை. இவ்வளவு குறைந்த கிளஸ்டருக்கு வழக்கமான சூத்திரம் பிழையைக் குறைத்துக் காட்டும். வைல்ட் பூட்ஸ்ட்ராப் (தரவை மறுபடி மறுபடி மாற்றிப்போட்டுப் பிழையை அளக்கும் முறை) போடுங்கள், ஸ்டேட்டாவில் பூட்டெஸ்ட் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. தமிழ்நாடு மட்டும்தான் வேண்டுமா, நாடு முழுவதையும் எடுத்துத் தமிழ்நாட்டுக்குத் தனி விளைவு பார்க்கலாமா என்பதை வழிகாட்டியோடு முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள்.

10. அட்டவணையும் கோப்பும்

அட்டவணையின் அடியில் வரும் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே சுற்றில் மட்டும் இருக்கும் குடும்பங்கள் ஃபிக்ஸட் எஃபெக்டுக்கு எதுவும் சொல்வதில்லை. எக்ஸ்டிரெக் அவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்துக் காட்டும், ரெக்எச்டிஎஃப்இ (reghdfe) என்ற இன்னொரு ஸ்டேட்டா கட்டளை நீக்கிவிடும். ஒரே மாடலுக்கு இரண்டு எண்ணிக்கை வந்து குழம்புவது இதனால்தான். இரண்டு சுற்றிலும் இருப்பவற்றை மட்டும் முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஆர்-ஸ்கொயர் (மாடல் எவ்வளவு விளக்குகிறது என்ற அளவு) போட வேண்டும் என்றால் குடும்பத்துக்குள் உள்ளதை மட்டும் போடுங்கள், டம்மிகள் உயர்த்திக் காட்டும் 0.8-ஐப் பார்த்து மகிழ வேண்டாம்.

முதல் அட்டவணையாக மாதிரி எப்படிச் சுருங்கியது என்பதைப் போடுங்கள்: 41,554-ல் ஆரம்பித்து, மறுபடி கிடைத்தவை, கிராமம் மட்டும், செலவு விவரம் முழுதாக உள்ளவை, கடைசியில் உங்கள் மாதிரி. அதற்கு அடுத்த வரியில், முக்கிய மாறி எத்தனை குடும்பங்களில் மாறியது என்ற அந்த முதல் எண்ணிக்கை. வைவாவில் வெளித்தேர்வாளர் பெரும்பாலும் இந்த இரண்டையும்தான் கேட்பார்.

நேரக் கணக்கு வேண்டும் என்றால், முழுநேரமாக உட்கார்ந்தால்: படிவம் படிக்க இரண்டு வாரம், குடும்பம் ஒட்டிச் சரிபார்க்க ஒரு மாதம், ஆட்களும் என்றால் இன்னொரு மாதம், விலை, காணாமல் போனவை எல்லாம் மூன்று வாரம், மாடல் ஒரு வாரம், மாடலை மறுபடி மறுபடி ஓட்டச் சொல்லும் வழிகாட்டிக்கு ஒரு மாதம். வகுப்பும் எடுத்துக்கொண்டு செய்கிறீர்கள் என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பதிவிறக்கிய மூலக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் போட்டு, எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். எக்செலில் திறந்து கையால் ஒரு எண்ணைக்கூடத் திருத்த வேண்டாம். சேர்ப்பதற்கு ஒரு கட்டளைக் கோப்பு, சுத்தம் செய்ய ஒன்று, மாடலுக்கு ஒன்று, 01, 02, 03 என்று பேர் வைத்து, வரிசையாக ஓட்டினால் மூலத்திலிருந்து கடைசி அட்டவணை வரை தானாக வர வேண்டும். வாரம் ஒரு முறை அப்படி முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.